முந்நூற்று முப்பத்தொரு முறை எழுந்தவள்

ஏழு நாளில் நான் முந்நூற்று முப்பத்தொரு முறை எழுந்து நடந்து போயிருக்கிறேன். பெற்றோர் தகுதி வாரியத்தின் முத்திரையோடு வந்த விவரத்தாளில் அப்படித்தான் இருந்தது. "பராமரிப்பவர் குழந்தையை விட்டு எழுந்து சென்ற தடவைகள்: 331."

பதினெட்டு வருடமாக நான் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. இருபது வயதில் அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது துப்பட்டா சக்கரத்தில் சிக்கிக் கீழே விழுந்தேன். தொப்புளுக்குக் கீழே ஊசி குத்தினாலும் எனக்குத் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது.

என் கணவர் லிங்கதுரை தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். அவரும் சக்கர நாற்காலிதான். சொந்த வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவப் போய் வழுக்கி விழுந்தவர். மறுவாழ்வு மையத்தில் அடுத்தடுத்த பாயில் உடற்பயிற்சி செய்யும்போது பழக்கம்.

"ஏட்டி பேச்சி, எந்திரிச்சு எங்கதான் போன? வரும்போது எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வந்திருக்கலாம்லா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளின் அடியில் மூன்று வரி இருந்தது. தேர்ச்சி இல்லை. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இல்லாவிட்டால் கரு வங்கியில் எங்கள் பெயரில் உள்ள இரண்டு கருக்களும் அழிக்கப்படும்.

அந்த இரண்டும் எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்கக் கூச்சப்படுபவர்கள்தான் இதைப் பற்றி அதிகமாகக் கற்பனை செய்கிறார்கள். தண்டுவடம் அடிபட்ட பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்பதில்லை, கருப்பையும் வேலைநிறுத்தம் செய்வதில்லை. சிக்கல் பெரும்பாலும் ஆணுக்குத்தான். லிங்கதுரைக்கு மருத்துவமனையில் அதிர்வுக் கருவி வைத்து விந்து எடுத்தார்கள். நர்ஸம்மா அந்த நேரம் முழுக்கச் சுவரில் இருந்த நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாவுக்கு வருஷத்துல எத்தனை அமாவாசைன்னு மனப்பாடம் ஆயிருக்கும்" என்று இவர் வெளியே வந்து சொன்னார். நான்கு கருக்கள் உருவாயின. இரண்டு வளரவில்லை. அடுத்த வருடம் அவருக்குக் கிருமித் தொற்று முற்றி விதைப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே குளிர்ப்பெட்டியில் மிச்சம் இருக்கும் இரண்டுதான் எல்லாமே. மூன்றாவது என்று ஒன்று இல்லை.

பிறகு சட்டம் வந்தது. தானாக எழுந்து நிற்க இயலாத பெண், வங்கியிலிருந்து கருவைப் பெற வேண்டுமானால் முதலில் ஏழு நாள் ஒரு சோதனைக் குழந்தையை வீட்டில் வைத்து வளர்த்துக் காட்ட வேண்டும். நிற்க முடிந்தவளுக்குச் சோதனை கிடையாது. குடிகாரனோ, கை நீட்டுகிறவளோ, பிள்ளையைப் பெற்று அடுத்த வீட்டில் போட்டுவிட்டுப் போகிறவர்களோ, இரண்டு கால் இருந்தால் போதும். என் அண்ணி அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "நல்லதுதான பேச்சி, ஒங்க ரெண்டு பேரையும் பாக்கவே ஒரு ஆள் வேணும்" என்றாள். எங்களைப் பார்க்க ஆள் யாரும் இல்லை. அவள் வீட்டில் எரிவாயு தீர்ந்தால் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். தூத்துக்குடியில் இப்போது யாரும் கிரேனில் ஏறுவதில்லை. திரையைப் பார்த்து வீட்டிலிருந்தே ஓட்டுவதுதான். நாற்பது டன் பெட்டியை அரை அங்குலம் பிசகாமல் இறக்குகிறவளுக்கு மூன்று கிலோ பிள்ளையைத் தூக்கத் தெரியுமா என்று அவர்களுக்குச் சந்தேகம்.

சோதனைக் குழந்தையைக் கொண்டுவந்தவள் ஜாய்ஸ் புஷ்பம், வாரியத்தின் கள அலுவலர். முப்பது வயதிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் வீட்டில் எதையும் தொடப் பயந்தவளைப் போல நின்றாள்.

"இது அழும், பால் குடிக்கும், துணி நனைக்கும். எவ்வளவு நேரத்துல தூக்குறீங்கன்னு இது பதிஞ்சுக்கும்" என்றாள். பிறகு கறுப்பாக ஒரு பட்டையை எடுத்தாள். "இது நீங்க உக்கார்ற இடத்துல, மெத்தைக்கு அடியில. நீங்க பிள்ளைகிட்ட இருக்கீங்களா இல்லையான்னு இதை வச்சுத்தான் தெரியும்."

"பொம்மைக்குத் தெரியாதா?"

"பொம்மைக்கு ஆள் அடையாளம் தெரியாது மேடம். யார் தூக்கினாலும் ஒண்ணுதான். பட்டைக்குத்தான் தெரியும்."

"எங்க வீட்டுக்குள்ள சோதனை போட வந்திருக்கு. கலெக்டர்னு பேரு வைப்போம்" என்றார் லிங்கதுரை. ஏழு நாளும் அதற்கு அதுதான் பெயர்.

கலெக்டர் நன்றாகத்தான் அழுதது. லிங்கதுரை தொட்டிலை எங்கள் மடி உயரத்துக்கு அறுத்து, பக்கவாட்டில் நகரும் கதவு வைத்திருந்தார். கதவைத் தள்ளி, குழந்தையை இழுத்து மடிக்குக் கொண்டுவந்து, நீளத்துணியால் நெஞ்சோடு கட்டிக்கொள்வேன். பிறகு இரண்டு கையும் சக்கரத்துக்கு. கலெக்டரை நெஞ்சில் கட்டிக்கொண்டே ரசம் வைத்தேன். கட்டிக்கொண்டே ஒரு கப்பலில் பாதியை இறக்கினேன். லிங்கதுரை துணி மாற்றுவார். மூன்றாம் நாள் அதை மடியில் போட்டு இவர் ஏதோ பாட்டு முனகுவதைப் பார்த்தேன்.

"பொம்மைங்க அது" என்றேன்.

"ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதுல்லா" என்றார்.

தோற்போம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முதலில் தேர்ச்சி இல்லை என்று ஒற்றை வரிதான் வந்தது. அப்படி வந்தால் பெரும்பாலானவர்கள் அழுதுவிட்டு அடங்கிவிடுவார்கள். நான் விவரத்தாள் கேட்டு எழுதினேன். அதில் தூக்கும் நேரம் சராசரி ஒன்பது நொடி. பால், துணி, உறக்கம் எல்லாம் நன்று. விட்டுச் செல்லுதல் மட்டும் முந்நூற்று முப்பத்தொன்று.

"பட்டை பழுதாயிருக்கும். வேற ஒருத்தியோட அட்டவணையை மாத்தி ஒட்டிட்டாங்களோ?" என்றார் லிங்கதுரை.

"ஒரு நாளைக்கு நாப்பத்தேழு தடவை வருது. வீட்டை விட்டு ஓடுனாக்கூட ஒருத்தி இத்தனை தடவை ஓட மாட்டா" என்றேன்.

அப்போது என் மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. நான் வழக்கம்போல நாற்காலியின் இரு கைப்பிடிகளையும் அழுத்தி, உடம்பைத் தூக்கி, அரை நிமிடம் அந்தரத்தில் நிறுத்தி, இறக்கினேன். தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

லிங்கதுரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி. இப்ப என்ன செஞ்ச?"

"என்ன செஞ்சேன்?"

"இப்ப. கையை ஊனி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நடப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்குத் தெரியாமலே அசைகிறீர்கள், எடையை மாற்றுகிறீர்கள். எங்களுக்கு வலிக்காது, ஆகவே அசைய மாட்டோம். அசையாவிட்டால் எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் சதை அழுகும். மறுவாழ்வு மையத்தில் என் பக்கத்துக் கட்டில் தங்கபாப்பாவுக்கு வால் எலும்பில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் புண் வந்தது. நான்கு மாதத்தில் அதற்குள் என் முஷ்டி போகும். ஐந்தாம் மாதம் கட்டில் காலி. அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழும்புகிறோம். பதினெட்டு வருடத்தில் அது எனக்குக் கண் சிமிட்டுவது மாதிரி ஆகிவிட்டது. கண் சிமிட்டுவேன் என்று யாராவது அதிகாரியிடம் சொல்லிவைப்பார்களா? நானும் சொல்லவில்லை.

பட்டையில் எடை போனால் ஆள் போய்விட்டாள் என்று பொருள். நடக்கும் அம்மாக்களை உட்காரவைத்துப் பழக்கிய கருவி அது. பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நான் எழும்பிய அரை நிமிடங்களையெல்லாம், பிள்ளையை விட்டுவிட்டுப் போனதாக அது எழுதி வைத்திருக்கிறது.

"விழிச்சிருக்கிற பதினாறு மணி நேரத்துக்கு நாப்பத்தெட்டு. ஏழு நாளைக்கு முந்நூத்து முப்பத்தாறு வரணும்" என்றேன். "அஞ்சு தடவை மறந்திருக்கேன்."

"இப்ப அதுவா கவலை?" என்றார்.

அவர் உடனே எழுதத் தொடங்கினார்: ஐயா, கருவி தவறாகப் புரிந்துகொண்டது, கருணை கூர்ந்து மறுசோதனை. நான் அந்தத் தாளை வாங்கி மடித்துக் கலெக்டர் இருந்த தொட்டிலில் போட்டேன். கருணை கேட்டால் கருணை இருக்கிறதா என்று அவர்கள் தேட வேண்டியிருக்கும். எனக்கு அவ்வளவு நாள் இல்லை. சட்டத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

விசாரணை பாளையங்கோட்டையில். கட்டடத்தில் சாய்தளம் இருந்தது, அதன் நட்டநடுவில் ஒரு பூந்தொட்டியும் இருந்தது. லிங்கதுரை அதை நகர்த்திவிட்டு வழி விட்டார்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர் ஏகாம்பரநாதன், ஓய்வுபெறும் வயதில் இருப்பவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வலப்பக்கம் கருவியைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர். இடப்பக்கம் இருந்தவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. ஜாய்ஸ் ஓரமாகக் கோப்போடு நின்றாள்.

"சொல்லுங்கம்மா. என்ன குறை?" என்றார் தலைவர்.

"குறை ஒண்ணும் இல்ல சார். ஒரு கேள்விதான். ஒங்க கருவி சரியா, தப்பா?"

பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கருவி தப்பு பண்ணாது மேடம். எடை இருந்தா இருக்கு, போனா போச்சு. இதுல கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை."

"அப்ப நான் முந்நூத்து முப்பத்தொரு தடவை எந்திரிச்சது உண்மைதான்?"

"பதிவுல அப்படித்தான் இருக்கு."

"யாரும் தூக்கிவிடல. வீட்டுல இருக்கிற இன்னொரு ஆளும் சக்கர நாற்காலி. நானாத்தான் எந்திரிச்சேன்?"

"பதிவுப்படி, ஆமா."

நான் சட்டத்தாளை மேசையில் வைத்தேன். "ரெண்டாம் பிரிவு சார். இந்தச் சட்டம் தானாக எழுந்து நிற்க இயலாதவருக்குத்தான் பொருந்தும். ஒங்க கருவி ஏழு நாள் பக்கத்துல இருந்து பாத்து, நான் தானா எந்திரிக்கிறவள்னு எழுதிக் கொடுத்திருக்கு. எனக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. பொருந்தாத சட்டத்துல என்னை எப்படித் தோக்கடிச்சீங்க?"

தலைவர் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார். "அம்மா, உங்களால நிக்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப கருவி தப்பு."

"அப்படிச் சொல்ல முடியாது" என்றார் பொறியாளர், அவசரமாக. சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

ஜாய்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியதை நான் கவனித்தேன்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "கருவி தப்புன்னு நான் எழுதினா, இதுவரைக்கும் தோத்த நாலாயிரம் பேரோட கோப்பையும் திறக்கணும். அதுல பாதிப் பேரோட கருவை ஏற்கனவே அழிச்சாச்சு. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் அதை என்னைப் பார்த்துக் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவள் நான் என்பதுபோல.

"அது ஒங்க கணக்கு சார். நான் வந்தது ரெண்டுக்காக."

அவர் வெகுநேரம் எழுதினார். பிறகு படித்துக் காட்டினார்: விண்ணப்பதாரர் தானாக எழுந்து நிற்க இயலுபவர் என்பது கருவிப் பதிவால் உறுதியாகிறது. சட்டம் இவருக்குப் பொருந்தாது. கருக்களைப் பெறத் தடையில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார். "இந்த உத்தரவு எல்லா இடத்துக்கும் போகும். நிக்கிறவங்களுக்கு அரசு நாற்காலி கிடையாது. வண்டி கிடையாது. நீங்க நாளைக்கே நிக்க முடியாதுன்னு வந்தா, இதுவும் ரத்தாகும். யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க. பத்து நிமிஷம் தரேன்."

வெளியே அந்தப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலிகளை நிறுத்தினோம். என் நாற்காலி அரசு கொடுத்தது, என் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. தவறான நாற்காலி ஒரு மாதத்தில் புண் கொடுக்கும். தங்கபாப்பா இரவல் நாற்காலியில்தான் இருந்தாள்.

"சேர் போயிரும் பேச்சி" என்றார் லிங்கதுரை. அவர் கேலி பேசாமல் ஒரு வாக்கியம் சொன்னது அன்றைக்கு அதுதான்.

"ஒங்க சேர் இருக்குல்லா. மடியில ஏறிக்கிடுதேன்."

"வயித்துல பிள்ளையோடயா? ரெண்டு பேரையும் நான் தாங்கணுமா?"

"கல்யாணத்தன்னைக்கு மேடையில அப்படித்தான சொன்னீங்க."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த நாலாயிரம் பேரைப் பற்றி அப்போது நான் நினைத்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு முப்பத்தெட்டு வயது. குளிரில் இரண்டு இருந்தன. போய்க் கையெழுத்துப் போட்டேன்.

முதல் கரு ஒட்டவில்லை. இரண்டாவது ஒட்டியது.

அதற்குள் விஷயம் பரவியிருந்தது. சக்கர நாற்காலிக்காரர்கள் பேசிக்கொள்ளும் குழு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் புண் மருந்து, சக்கர டியூப், ஒருத்தரை ஒருத்தர் வம்புக்கு இழுப்பது. கோவில்பட்டியிலிருந்து சண்முகத்தாய் என்பவள் கேட்டிருந்தாள்: "அக்கா, பட்டை வைக்க இன்னும் நாலஞ்சு மாசத்துல வருவாங்களாம். நீங்க எப்படி எந்திரிச்சீங்க?"

நான் குரலில் பதில் அனுப்பினேன். "ஒண்ணும் புதுசா செய்யாத. டாக்டர் சொன்னபடி இருவது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழும்பு. அஞ்சு தடவைகூட மறக்காத. தோல்வின்னு தாள் வந்தா விவரம் கேளு. விவரம் வந்தா ரெண்டாம் பிரிவைக் கேளு." கூடவே, நாற்காலி போகும் என்பதையும் சொன்னேன். தெரியாமல் யாரும் இறங்கக் கூடாது.

அந்த வருடம் எங்கள் மாவட்டத்திலும் அடுத்த மாவட்டத்திலுமாக முப்பத்தேழு பேர் எழுந்து நின்றார்கள். எல்லாம் அரசு முத்திரையோடு.

எனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது ஜாய்ஸ் ஒரு சிறிய வண்டியோடு வந்தாள். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து உட்கார்ந்தாள். லிங்கதுரை டீ கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

"அக்கா, உத்தரவு. நாற்காலியை எடுத்துட்டுப் போகணும்."

"எடுங்க" என்றேன்.

அவள் அசையவில்லை. "நீங்க இறங்கினாத்தான எடுக்க முடியும்."

மணிக்கட்டு அதிர்ந்தது. நான் கைப்பிடிகளை அழுத்தினேன். வயிற்றின் கனத்தோடு எழும்புவது முன்போல இல்லை. தோள் நடுங்கியது. உள்ளே பிள்ளை அசைந்தால் எனக்குத் தெரிவதில்லை, கையை வைத்தால்தான் தெரியும். அப்போது வைக்கக் கை இல்லை. ஆனால் சேலை ஒரு பக்கமாகப் புடைத்து அடங்கியதை நானும் பார்த்தேன், ஜாய்ஸும் பார்த்தாள்.

"நிக்கேன்லா மேடம். எடுங்க. அரை நிமிஷம் இருக்கு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று லிங்கதுரை எண்ணத் தொடங்கினார். அவர் மிக நிதானமாக எண்ணினார். இருபதுக்குப் பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவில் ஒரு மடக்கு டீ குடித்தார்.

முப்பதில் நான் இறங்கினேன்.

ஜாய்ஸ் கோப்பைத் திறந்து எழுதினாள். எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "நாற்காலி பயன்பாட்டில் இருந்ததால் எடுக்க இயலவில்லை."

"அடுத்த மாசம் மறுபடியும் வரச் சொல்வாங்க" என்றாள்.

"வாங்க. அடுத்த மாசமும் நிப்பேன்."

அவள் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தாள். எழுந்தபோது தோள்பையிலிருந்து கறுப்புப் பட்டையின் முனை வெளியே தெரிந்தது.

"யாருக்கு?"

"கோவில்பட்டி. சண்முகத்தாய்னு ஒருத்தங்க."

லிங்கதுரை என்னைப் பார்த்தார். நான் ஜாய்ஸைப் பார்த்தேன். "பட்டையை எங்க வைப்பீங்க?"

"விதிப்படிதான் அக்கா. மெத்தைக்கு அடியில." செருப்பை மாட்டிக்கொண்டு, நிமிராமலே சொன்னாள்: "தலைமை அலுவலகத்துல இருந்து போன வாரம் கேட்டிருந்தாங்க, அதை வேற இடத்துல வச்சாச் சரியா வருமான்னு. எல்லா இடத்துலயும் வச்சுப் பாத்தாச்சு, இதுதான் சரியான இடம்னு கள அறிக்கை கொடுத்துட்டேன்."

"வச்சுப் பாத்தியளா?" என்றார் லிங்கதுரை.

"இல்ல" என்றாள் ஜாய்ஸ்.

வண்டி தெரு முனை திரும்பிய பிறகும் நான் வாசலிலேயே இருந்தேன். திரையில் ஒரு கப்பல் காத்திருந்தது. உள்ளே போய் நான்கு பெட்டிகளை இறக்கினேன். மணிக்கட்டு அதிர்ந்தது. கைப்பிடிகளை அழுத்தி எழும்பினேன். எத்தனையாவது முறை என்று எனக்குத் தெரியாது. எண்ணுவது அவர்கள் வேலை.